தகரத்தவளை வயலும் மூன்று சாக்குகளும்

போன மாதம் செல்வி போன் செய்தாள். மலைத்தோட்டத்தில் நான் பார்த்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். தண்ணீர்க் குழாய், எலிப்பொறி, வயல் மூன்றும் அவள் பொறுப்பு.

"அண்ணே, ஸ்டோர் அடுப்பப் பிரிக்கப் போறாக. காய் ஒணத்துற கரண்டு மிசினு வந்து எறங்கிருச்சு. இனி வெறகும் கெடையாது, பொகையும் கெடையாது."

"சரித்தா," என்றேன்.

"என்னது, சரித்தாவா? அந்தச் செவுத்தோரத்து வெசயத்த புது மேனேசருகிட்ட யாரு சொல்றது? எனக்குப் பாதிதான் தெரியும். மீதி ஒங்ககிட்டல்ல இருக்கு."

"தெரிஞ்சத நீயே சொல்லேன்."

"ஒங்க வாயில இருந்து ஒரு வார்த்தையப் புடுங்குறதுக்கு ரெண்டு மூட்டை ஏலக்காய ஒத்தையில சொமந்துறலாம்ணே. பேச வேணாம். எழுதிக் குடுங்க. நான் வாசிச்சுக் காட்டிக்கிர்றேன்."

அதனால் எழுதுகிறேன். பெயர் முத்தையா. படிப்பு ஐந்தாம் வகுப்பு. போடிக்கு மேலே, மெட்டு தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். முழங்கால் இரண்டும் தேய்ந்து, மேடு ஏற முடியாமல் ஐம்பத்திரண்டாவது வயதில் வேலையை விட்டு இறங்கினேன். இப்போது போடியில் மகள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறேன். நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சு வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். நஷ்டம் வேறு எதற்கோ போய்ச் சேர்ந்தது.

வேலை கற்றுக்கொண்டது பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வருஷம் களையெடுத்தேன், கவாத்து அடித்தேன். பிறகு எலிப்பொறி வைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஏலச்செடி தன் காயைத் தரையோடு சரமாக விடும். எலி அங்கே வந்து காயைக் கீறி, விதையைத் தின்றுவிட்டுத் தோலைப் போட்டுவிட்டுப் போகும். அதைத் தடுப்பது என் வேலை. நாள் முழுக்கத் தனியாகத் திரியலாம், யாருடனும் பேச வேண்டாம் என்பதால் எனக்கு அது ஒத்துவந்தது.

வயலும் அப்படித்தான் என் கைக்கு வந்தது. மலையில் வயல் என்றால் நெல் விளைகிற இடம் இல்லை. இரண்டு சரிவுகளுக்கு நடுவே தண்ணீர் ஊறி, கோரை மண்டி, கால் வைத்தால் முழங்கால் வரை இறங்குகிற சதுப்பை அங்கே வயல் என்பார்கள். எங்கள் தோட்டத்து நாற்றங்காலுக்கும் ஆட்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்கும் தண்ணீர் அதிலிருந்துதான் வந்தது. குழாய் வாயில் இருக்கிற சல்லடையை இரண்டு நாளைக்கு ஒரு தடவை நான் கழுவ வேண்டும்.

அந்த வயலில் ஒரு தவளை இருந்தது. கட்டைவிரல் அளவுதான். முதுகு செங்கல் நிறம், அடிவயிறு வெளுப்பு. படித்தவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, நாங்கள் தகரத்தவளை என்போம். சின்னச் சுத்தியலால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி, டக் டக் டக் என்று மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. மழை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று தொடங்கும். பிறகு வயல் முழுக்கத் தட்டும். காயெடுக்கிற பெண்கள் அதைக் கேட்டுத்தான் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போடுவார்கள். "கொல்லப்பட்டறை தொறந்துட்டான், வாங்கடி" என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. வெளியிலிருந்து வந்தவர்கள் பக்கத்தில் யாரோ கூரை வேய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

குரியன் சார் மேனேஜராக வந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, தவளை என்று சொல்லியும் நம்பாமல் காலுறையோடு சேற்றில் இறங்கிப் போய்ப் பார்த்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோட்டயத்துப் பக்கத்து மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு விஷயத்தைக் கேட்பதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டு, நம் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை கேட்பார். பதிலை அப்படியே எடுத்துக்கொள்வார். திருப்பிக் கேட்க மாட்டார், வேறு ஆளிடம் விசாரிக்க மாட்டார். "ஆள் சொன்னால் சொன்னதுதான்" என்பார். பொய் சொல்கிறவர்கள் அவரிடம் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள். மேற்பார்வை செய்த பழைய மேஸ்திரி ஒருவர், "இந்த ஆளு திட்டித் தொலைச்சாக் கூட நிம்மதியாப் போயிரும்" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

அவரிடம் மழை எழுதுகிற நோட்டு ஒன்று இருந்தது. பென்சிலால் கோடு போட்டு, தேதி, மழை அளவு, பனி என்று பகுதி பிரித்திருப்பார். வந்த முதல் வருஷமே கடைசியில் புதிதாக ஒரு கோடு போட்டுத் 'தவளை' என்று மலையாளத்தில் எழுதினார். தட்டுகிற நாளில் அதில் ஒரு புள்ளி வைப்பார். ஆபீஸ் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "முத்தையா, கேட்டோ?" என்று புருவத்தைத் தூக்குவார். அந்த ஒரு சமயம்தான் அவர் சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

அப்போதெல்லாம் எலிக்கு விஷம் வைப்பதுதான் வழக்கம். பொறியில் விழாதது விஷத்தில் விழும். ஆனால் செத்த எலியை எது தின்கிறதோ அதுவும் சாகும். ஒரு மழைக்காலத்தில் இரண்டு கீரி, லயத்து நாய் ஒன்று, அதன்பின் ஓர் ஆந்தை. ஆந்தையை நான்தான் ஏலச்செடிக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் வைத்தேன். குரியன் சார் குனிந்து அதன் ஒரு சிறகை விரித்துப் பார்த்தார். மெதுவாக மடக்கி வைத்தார்.

"மதி, முத்தையா. போதும். இனி விஷம் வேண்டா."

"அப்ப எலி, சார்?"

"கீழே நெல்லு வயக்காட்டில் எலிக்கு எந்தா செய்யும்?"

"சாரைப்பாம்பு இருக்கு சார். வரப்புல கெடக்கும். யாரும் அடிக்க மாட்டாக."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. கேட்டதற்குச் சொன்னேன், அவ்வளவுதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்கே கொண்டு வரான் பற்றுமோ, முடியுமோ?"

அப்படித்தான் தொடங்கியது. பாம்பைப் பிடிப்பதும் இடம் மாற்றுவதும் சட்டப்படி குற்றம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விஷத்தை நிறுத்தி நல்லது செய்கிறோம் என்றே நினைத்தோம்.

என் மனைவியின் தம்பி பாண்டி கீழே போடியில் வேலை இல்லாமல் இருந்தான். பாம்பை வெறுங்கையால் பிடிப்பான். வாய் ஓயாது. தோட்டத்து ஜீப்புக்கு டிரைவர் தேவைப்பட்ட நேரம் அது. "நின்ட அளியன், நின்ட மச்சினன், இதை நன்னாச் செய்தால் ஜீப்பில் ஏற்றலாம்" என்று சார் சொல்லியிருந்தார். வீட்டில் அந்த வாரம் முழுக்க அதே பேச்சுத்தான். "எந் தம்பி பொழப்பு ஒங்க கையிலதான் இருக்கு" என்று மனைவி சோறு போடும்போதெல்லாம் சொன்னாள்.

ஒரு காலை பத்து மணி இருக்கும். ஜீப்பில் பாண்டி வந்து இறங்கினான். மூன்று சாக்கு. ஜீப் பாதை வயலோரத்தில் முடிகிறது. அங்கேயே அவிழ்ப்பதாக முடிவு. காயெடுக்கிற பெண்கள் இருபது பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்து மேட்டில் வரிசையாக நின்றார்கள்.

"யாரும் அதுகளப் பேர் சொல்லிக் கூப்புடாதீக, திரும்பி வந்துரும்," என்றான் பாண்டி.

"ஒன் பேரச் சொன்னாத்தாண்டா அதுக பயந்து ஓடும்," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் சாக்கில் சாரைகள். நீளம் நீளமாக, பெரிய கண், மெல்லிய கழுத்து. வெளியே வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏலக்காட்டுக்குள் போய்விட்டன. இரண்டாவது சாக்கை நான் பிடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தேன். சாரையின் உடம்பு வழவழப்பாக இருக்கும். என் கையில் பட்டது சொரசொரத்தது. பார்த்தேன். மஞ்சள் உடம்பில் சதுரம் சதுரமாகக் கறுப்புக் கட்டம். கண்ணுக்குக் கீழே மை தீட்டின மாதிரி இரண்டு சாய்ந்த கோடு. தண்ணிப்பாம்பு. நீர்க்கோலி என்று எழுதுவார்கள். போடியில் கண்மாய் மடையில் வலை போட்டால் மீனோடு கொத்தாக மாட்டும். எலியைத் தேடிப் போகிற பாம்பு இல்லை. அது தின்பது மீனும் தவளையும்.

அந்தச் சாக்கில் பாதி அதுதான். மூன்றாவது சாக்கு முழுக்க அதுதான். முந்தின வாரம் மழை பெய்து சாரைகள் பொந்தில் அடைந்துவிட்டன. வெறும் சாக்கோடு வரப் பாண்டிக்கு மனம் இல்லை.

பாண்டி என்னைப் பார்த்தான். அவன் பேசாமல் நின்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொட்டிய வேகத்தில் அவை கோரைக்குள் வழிந்தோடின. பெண்கள் கத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். குரியன் சார் கொஞ்சம் தள்ளி நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முத்தையா. எல்லாம் சாரை தன்னே, அல்லே?"

இருபது பெண்கள் பார்க்கிறார்கள். மச்சினன் நிற்கிறான். இல்லை என்று சொன்னால் என் வீட்டு ஆளை நானே எல்லோர் முன்னாலும் ஏமாற்றுக்காரன் என்று சொன்னதாகும். விஷமில்லாத பாம்புதானே, இந்தக் குளிரில் ஒரு மாதம் கூடத் தாங்காது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

தலையாட்டினேன்.

பாண்டிக்கு ஜீப் கிடைத்தது.

சாரைகளால் ஒரு பயனும் இல்லை. பயந்துபோய்ச் சிலவற்றை ஆட்கள் அடித்தார்கள். ஒன்று ஜீப் சக்கரத்தில் போனது. மற்றவை காட்டுப் பக்கம் போய்விட்டன. எலி இருந்தபடியே இருந்தது. நான் பொறிகளைக் கூட்டிக்கொண்டேன். தண்ணிப்பாம்பை அந்த மார்கழியில் தினமும் தேடினேன். ஒன்றும் கண்ணில் படவில்லை. செத்துவிட்டன என்று நினைத்ததும் என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

மறு வருஷ மழையில் சல்லடையைக் கழுவும்போது பென்சில் அளவில் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. உடம்பில் கட்டம். கையில் எடுத்துப் பார்த்தேன். கடித்தது. நசுக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆபீசுக்குக் கொண்டு போயிருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் தூர எறிந்தேன். போய்ச் சொன்னால், அன்றைக்கு ஏன் தலையாட்டினாய் என்று கேள்வி வருமே.

அதற்கடுத்த வருஷம் கோரைக்குள் கால் வைத்தால் இரண்டு மூன்று விலகும். தகரத்தவளை மேல்கோடியில் மட்டும் தட்டியது. நோட்டில் புள்ளிகள் குறைந்தன. "மழை உண்டு, தவளை இல்லை. எந்தா முத்தையா?" என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சார் கேட்டார். மழை சரியில்லை என்றேன். மழை அவருடைய நோட்டிலேயே எழுதியிருந்தது.

பிறகு தவளைகளைப் பற்றிப் படிக்கிற ஒரு பெண் வந்தாள். இரண்டு மாதம் லயத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். சேற்றில் என்னைவிட நன்றாக நடப்பாள். ஒரு நாள் கோரைக்குள் கையை விட்டு ஒரு தண்ணிப்பாம்பைத் தூக்கினாள். வயிறு புடைத்திருந்தது. இரண்டு விரலால் வயிற்றைப் பின்னாலிருந்து முன்னால் மெதுவாகத் தள்ளினாள். ஒவ்வொன்றாக வந்தது. செங்கல் நிறம் மாறவில்லை. ஐந்து. ஒன்றுக்குக் கால் லேசாக அசைந்தது. அதைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். மிதந்தது.

"இது கீழ இருக்கிற பாம்பாச்சேண்ணா. இந்த வயலுக்கு எப்படி வந்துச்சு?"

குரியன் சார் பக்கத்தில் நின்றார்.

"தெரியலம்மா," என்றேன்.

சார் என்னைப் பார்க்கவில்லை, பாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரை எப்படி இருக்கும் என்று அதற்குள் அவர் தெரிந்துகொண்டிருப்பார். ஆனாலும் கேட்கவில்லை. ஒரு தடவைதான் கேட்பார் என்று சொன்னேனே.

அந்தப் பெண் எழுதிப் போட்டு, வனத்துறை ஆட்கள் வந்து பார்த்து, பிடித்துக் கொடுக்க எழுத்தில் அனுமதி தந்தார்கள். அந்த வேலை எனக்கு வந்தது.

செல்விக்காக விவரமாக எழுதுகிறேன். மீன் பிடிக்கிற பறிதான். மூங்கில் சிம்பில் பின்னியது, வாய் அகலம், உள்ளே கூம்பு. போனது திரும்ப முடியாது. அதில் பாதியைத் தண்ணீருக்கு மேலே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பது மூச்சு முட்டிச் சாகும். கோரைக்கும் தண்ணீருக்கும் நடுவே வாய் வைத்து, கம்பு நட்டுக் கட்ட வேண்டும். இரைக்குச் செத்த மீன். காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் தவறாமல் பார்க்க வேண்டும். தண்ணிப்பாம்பு தலையைத் தட்டையாக்கிக்கொண்டு கடிக்க வரும். கடித்தால் ரத்தம் வரும், விஷம் இல்லை. அது கழிக்கிற நாற்றம் கையை விட்டு இரண்டு நாள் போகாது. துணிப்பையில் போட்டு இரண்டு முடிச்சு. வாரம் ஒரு தடவை வனத்துறை ஜீப் வந்து வாங்கிக்கொண்டு கீழே போகும்.

பறியில் ஒரு சிக்கல் இருந்தது. சிம்புகளை நெருக்கிப் பின்னினால் தகரத்தவளையும் உள்ளே மாட்டி, பாம்புக்கு இரையாகும். தவளை தப்பிப் போகிற அளவுக்கு இடைவெளி விட்டேன். அதே இடைவெளியில் பாம்புக்குட்டியும் போய்விடும். எவ்வளவோ மாற்றிப் பார்த்தும் இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பெரியது எவ்வளவு பிடித்தாலும் அடுத்த மழைக்குக் குட்டிகள் நிறைந்தன.

அந்தப் பெண்ணுக்குப் புரியாதது ஒன்றுதான். "இந்தக் குளிர்ல முட்டை பொரியவே கூடாதேண்ணா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புரியாமலே ஊருக்குப் போனாள்.

விடை ஸ்டோருக்குப் பின்னால் இருந்தது.

ஸ்டோர் என்பது ஏலக்காய் உலர்த்துகிற கட்டடம். வெளியே விறகு அடுப்பு. அதிலிருந்து இரும்புக் குழாய் உள்ளே போய் அறையைச் சுற்றி வந்து பின்சுவர் வழியாகப் புகைபோக்கிக்குப் போகும். காயெடுக்கிற மாதங்களில் அடுப்பு அணையாது. பின்சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். அந்தச் சுவரோரம்தான் காய் தேய்த்துக் கழிந்த காம்பையும் சொத்தையையும் சாம்பலோடு கொட்டுவோம். அடுப்பு அணைந்த பிறகும் அந்தக் குப்பைமேடு தனக்குள் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும். பனிக்காலத்தில் லயத்து நாய்கள் அதன்மேல்தான் படுக்கும்.

ஒரு தை மாதம், நாற்றங்காலுக்கு உரம் வேண்டி அந்த மேட்டைக் கிளறினேன். இரண்டு அடி ஆழத்தில் மண்வெட்டி மெத்தென்று எதிலோ பட்டது. கையால் விலக்கினேன். சுவரை ஒட்டின குழியில் ஒரு தண்ணிப்பாம்பு சுருண்டு இருந்தது. பெரியது, ஆனால் மெலிந்து தோல் தொங்கியது. நாள் கணக்காகத் தின்னவில்லை. அதன் சுருளுக்குள் வெள்ளை முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவியலாக இருந்தன.

மற்ற தண்ணிப்பாம்பு ஆளைக் கண்டால் ஓடும். இது ஓடவில்லை. தலையைத் தட்டையாக்கி என்னைப் பார்த்தது. கொத்தவும் இல்லை. முட்டைகளுக்கு மேல் இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டது.

ஆள் அனுப்பிக் குரியன் சாரை வரச் சொன்னேன். வந்தார். குப்பை மேட்டில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு சுவரில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

"நம்மள்தான் அடைகாத்தது, அல்லே?" என்றார்.

நான் குப்பையை இன்னும் கொஞ்சம் விலக்கிக் காட்டினேன்.

"பாம்பைப் பையில் இடு. முட்டை கீழே போகண்டா."

பாம்பின் கழுத்தைப் பிடித்து, சுருளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வாலால் முட்டைகளைப் பற்றியிருந்தது. இழுக்க இழுக்க ஒட்டின முட்டைகள் கூடவே வந்தன. அதைப் பையில் போட்டுக் கட்டினேன். முட்டைகளைச் சட்டியில் அள்ளி வயல் தலைப்புக்குக் கொண்டு போனேன். ஊற்றுத் தண்ணீர் அங்கே பனிக்கட்டி மாதிரி இருக்கும். சார் பின்னாலேயே வந்தார். சட்டியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்தேன். சில முட்டைகளுக்குள் அசைவு இருந்தது, விரலில் தெரிந்தது. அது நிற்கிற வரைக்கும் பிடித்திருந்தேன். கை மரத்துப்போனது.

ஒரு தாயை முட்டையிலிருந்து பிரித்திருக்கிறேன். அது தப்பு ஒன்றும் செய்யவில்லை. கண்மாயில் இருந்திருந்தால் அதன் பாட்டுக்கு இருந்திருக்கும்.

அங்கேயே, குனிந்தபடியே சொன்னேன்.

"சார். அன்னைக்கு ரெண்டாவது சாக்கு பாதியும் மூணாவது சாக்கு முழுசும் தண்ணிப்பாம்பு சார். எனக்குத் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"ஞான் அன்னே கேட்டல்லோ, முத்தையா."

அவ்வளவுதான் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். மறுநாள் வழக்கம்போல வேலை சொன்னார். பாண்டியின் ஜீப்பைத் தொடவில்லை. என்னையும் தொடவில்லை. ஆனால் அதன் பிறகு எதையும் என்னிடம் கேட்டதில்லை. செய் என்று சொல்வார், செய்வேன். நான் வயலில் இருக்கிறேனா என்று கூட வேறு ஆளிடம்தான் கேட்பார். அவர் வேலை முடித்து ஊருக்குப் போகிற வரை அப்படித்தான் போயிற்று.

பாண்டியிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். இப்போதும் மெட்டு வழியில் ஜீப் ஓட்டுகிறான்.

"அட போங்க மச்சான். சாக்கு நெறையணும்ல? தண்ணிப்பாம்பு என்ன, பச்சப்புள்ள மாதிரி. அதையா இத்தன வருசமா மனசுல போட்டு ஒழப்பிக்கிட்டுக் கெடக்கீக?" என்று சிரித்தான்.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டது என்னைத்தான்.

நான் இருந்தவரை ஒவ்வொரு தையிலும் அந்த மேட்டைக் கிளறினேன். நாலு குவியல், ஐந்து குவியல் கிடைக்கும். ஒரு வருஷம் உடம்புக்கு முடியாமல் படுத்தேன், அந்த மழையில் குட்டிகள் நிறைந்துவிட்டன. பின்னால் வந்த மேனேஜர்கள் குப்பையை எடுக்க ஆள் இல்லை என்றார்கள். அதையும் நான் எதிர்த்துப் பேசவில்லை.

சார் போகும்போது மழை நோட்டுகளை ஆபீஸ் அலமாரியில் விட்டுவிட்டுப் போனார். ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். கடைசி மூன்று வருஷத்திலும் ஒவ்வொரு பக்கத்திலும் தவளைக்கு ஒரு கோடு போட்டிருந்தார். தலைப்பும் எழுதியிருந்தார். கீழே ஒரு புள்ளி கூட இல்லை. ஆனாலும் அடுத்த பக்கத்தில் மறுபடியும் கோடு போட்டிருந்தார்.

புது மேனேஜருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அடுப்பைப் பிரித்தால் சுவர் ஆறிவிடும். ஆனால் குப்பைமேடு ஆறாது. அதை வேறு இடத்தில் குவித்தால் பாம்பு அங்கே போகும். முழுக்க அள்ளி, மெல்லிசாகப் பரப்பி, காய வையுங்கள். சுவருக்கு அடியில் எலி தோண்டின வளை மூன்று இருக்கிறது, அடையுங்கள். பறியை இன்னும் மூன்று மழைக்காலத்துக்கு எடுக்காதீர்கள். முட்டை பொரிய இடம் இல்லாவிட்டால், இருக்கிற பாம்புகளோடு அது முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. தவளையை எங்கிருந்தாவது பிடித்து வந்து விடலாம் என்று நல்ல மனதோடு யாராவது சொல்வார்கள். வேண்டாம். அந்த வயலில் இனி யாரும் சாக்கை அவிழ்க்க வேண்டாம். மேல்கோடியில் ஒன்றிரண்டு தப்பியிருந்தால் அவையே வரட்டும்.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். போன வாரம் மத்தியானம் செல்வி மறுபடி போன் செய்தாள். போடியில் வெயில். அவள் பக்கம் மழைச் சத்தம்.

"அண்ணே, நான் வயலோரம் நிக்கிறேன். ஸ்டோரு மேக்கூரையக் கழத்திட்டாக. வெரசாக் கேளுங்க, வயப்பக்கம் போனப் பிடிக்கிறேன். தட்டுதுண்ணே! எனக்குக் கேட்டுச்சு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். இலையில் மழை விழுந்தது. தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு வந்தது. டக். டக் டக். இன்னும் கேட்டேன். டக் டக் டக் டக். பிறகு ஒற்றைத் தட்டு. டக் டக். நிறுத்தம் வருகிற இடத்தில் நிறுத்தம் இல்லை.

"கேக்குதாண்ணே? அவன்தான?"

அவள் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லக்கூட வேண்டாம், ம் என்றால் போதும். எனக்குப் பழக்கமானதுதான்.

"இல்லத்தா," என்றேன். "கழத்திப் போட்ட தகரம் பக்கத்துல கெடக்கா, பாரு."

சேற்றில் அவள் கால் எடுத்து வைக்கிற சத்தம் வந்தது.

"கெடக்குண்ணே."

"அதுல விழுகுற சொட்டுத்தா."

"நல்லாக் கேட்டுத்தான் சொல்றீகளா?"

"நல்லாக் கேட்டுட்டேன். அவன் இல்ல."

போனை அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மழை விடுகிற வரைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.